கழற்றி எடுக்கும் ஸ்டியரிங்

"ஏனுங்க, ஸ்டியரிங்கைத் தனியாக் கழட்டிக் கையில எடுத்துட்டுப் போற மாதிரி ஒண்ணு இருக்குதாமா. அதை இந்த வண்டிக்குப் போட முடியுங்களா?"

சகாயராஜுக்கு முகமெல்லாம் பல். அனுப்பர்பாளையத்தில் கார் அக்ஸசரீஸ் கடை போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இதுவரை அந்த ஸ்டியரிங்கைக் கேட்டு வந்தவர்கள் எல்லாம் காலேஜ் பையன்கள்தான். வாங்கவா செய்வார்கள்? பிடித்துக்கொண்டு ஒரு செல்ஃபி, அவ்வளவுதான். இவரோ நாற்பதைத் தாண்டிய மனிதர். நெற்றி நிறையத் திருநீறு. நீட்டிய கார்டில் ராஜவேல், பனியன் கம்பெனி என்று இருந்தது. வாசலில் நின்ற சிவப்புக் குட்டிக் கார் மட்டும் இவர் வயசுக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை.

"ஜம்முனு போடலாமுங்க! பாருங்க, அடிப்பக்கம் தட்டையா, சிவப்பு நூல் தையல். ரேஸ் ஓட்டறவங்க போடறது. இந்த வளையத்தை அமுக்கி இழுத்தாக் கையோட வந்துரும். அண்ணனுக்கு இப்பத்தான் ரேஸ் ஆசை வந்துதாக்கும்?"

ராஜவேல் சிரிக்கவில்லை. சகாயராஜ் வாங்கிக் கொடுத்த டீயை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

"வண்டிய ஒருத்தன் எடுத்துட்டுப் போயிடறானுங்க. அதுக்குத்தான்."

"திருட்டா? கியர் லாக் போட்டாப் போதுமே."

"போட்டாச்சுங்க. சாவிய எங்க வெச்சாலும் எடுத்துடறான். நான் ஒளிக்கற எடமெல்லாம் அவனுக்கு அத்துப்படி."

"அட, ஊட்டு ஆளுங்களா?" சகாயராஜ் குரலைத் தாழ்த்தினார். "பையனா?"

"பையன் இல்லீங்க." ராஜவேல் டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். "பகல்ல நல்லவந்தானுங்க. தண்ணி போட்டுட்டா வேற ஆளு."

தம்பியாகத்தான் இருக்கும் என்று சகாயராஜ் முடிவு கட்டிவிட்டார். கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுக்க மனசு வராமல் மனிதர் மழுப்புகிறார், பாவம்.

"தனியாப் போயித் தொலைஞ்சாக்கூடப் பரவால்லீங்க. பாப்பாவையும் கூட்டிட்டுப் போறான். அவன் புள்ளைதான், ஒண்ணே ஒண்ணு. படிச்சுட்டு இருக்கறவளை, 'வா கண்ணு, ஒரு ரவுண்டு போலாம்'னு முன்னாடி சீட்டுல ஏத்திக்கறான். அதுக்கும் இந்த வண்டின்னா உசுரு, ஓடியாந்து ஏறிக்குது. போன வாரம் பல்லடம் ரோட்டுல லாரிக்கு அடியில போயிருப்பாங்க. மயிரிழையில தப்பிச்சுது."

"கடவுளே! அந்தப் புள்ளையோட அம்மா ஒண்ணும் சொல்றதில்லீங்களா?"

"சாவி தர மாட்டேன்னு சொல்லுச்சு. கைய முறுக்கி ஒடிச்சுப்போட்டான். மாவுக்கட்டோட கெடக்குது."

சகாயராஜுக்குச் சுர்ரென்று ஏறியது. "அவனெல்லாம் ஒரு மனுசனா? சோத்தைத்தான் திங்கறானா?"

"நானும் அதைத்தானுங்க கேக்கறேன்."

"என் கையில மட்டும் கெடச்சான், செருப்பாலயே அடிப்பேன்!"

"அடிங்க," என்றார் ராஜவேல். கண் கலங்கிவிட்டது.

சகாயராஜுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஆஸ்பத்திரில சேத்திப் பாக்கலாமுங்களே?"

"பாத்தாச்சுங்க. சரியாயிட்டான்னு அனுப்பி வெச்சாங்க. வர்ற வழியிலயே குடிச்சான்."

"அப்ப வண்டிய வித்துத் தொலைங்க!"

"காத்தால சரிங்கறான். சாயங்காலம் வண்டி பாக்க வந்தவரை அடிக்கப் போறான். எனக்கு எல்லாம் விட்டுப்போச்சுங்க. இனி எந்தச் சாமியக் கும்புடறதுன்னே தெரியல. அந்தப் புள்ளை உசுரோட இருந்தாப் போதும்."

சகாயராஜ் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கினார். பழைய ஸ்டியரிங்கைக் கழற்றும்போது சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

"அண்ணா, ஒண்ணு சொல்லிப்போடறேன். இதை மாட்டினா ஓட்டறவருக்கு ஏர்பேக் இருக்காது. இடிச்சா நேரா நெஞ்சுலதான்."

"பாப்பா உக்கார்ற பக்கமுங்க?"

"அது தனி. அதுல நான் கை வெக்க மாட்டேன்."

"அப்ப மாட்டுங்க. ஓட்டறவனுக்கு வேண்டாம்."

மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. சகாயராஜ் வளையத்தை அமுக்கி இழுத்துக் காட்டினார். டக்கென்று ஸ்டியரிங் கையோடு வந்தது.

"இனி சாவிய வெச்சுட்டு அவன் நாக்கு வழிக்கட்டும்! பொழுது போனதும் இதைக் கழட்டி பீரோவுல வெச்சுப் பூட்டிருங்க."

"ஊட்ல வெக்க முடியாதுங்க. நீங்க கடை மாடியிலதானே குடியிருக்கறீங்க? நம்ம ஊடு ரெண்டு தெரு தள்ளித்தான். நெதமும் பொழுது எறங்கறதுக்குள்ள வண்டிய நிறுத்திப்போட்டு, இதைக் கொண்டாந்து உங்ககிட்டக் குடுத்துடறேன். காத்தால வந்து வாங்கிக்கறேன்." ராஜவேல் கையெடுத்துக் கும்பிட்டார். "இருட்டுனதுக்கு அப்புறம் அவன் வந்து கதவைத் தட்டுவானுங்க. மிரட்டுவான், அழுவான், கால்ல விழுவான். புள்ளை மேல சத்தியம் பண்ணுவான். என்ன ஆனாலும் குடுத்துடாதீங்க."

"என்னைக் கொன்னாலும் குடுக்க மாட்டேனுங்க! ஆனா அந்த ஆளை நான் பாத்ததில்லையே. யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? போட்டோ ஏதாவது இருக்குதுங்களா?"

ராஜவேல் வெளிச்சத்துக்கு நகர்ந்து வந்து, அவர் முன்னால் நேராக நின்றார்.

"போட்டோ எதுக்குங்க? இந்த மூஞ்சிதான். நல்லாப் பாத்து வெச்சுக்கங்க."