சாவி, குடை, படகு

"யார் சொல்லிக் கொடுத்தது? உண்மையைச் சொல்லுங்கக்கா."

மறதி நோயை ஆராய வந்தவள் கேட்டாள். முதியோர் இல்லத்து மேட்ரன் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"நான் மூணு வார்த்தை சொல்வேன். கொஞ்ச நேரம் கழிச்சு அதை அவங்க ஞாபகமாத் திருப்பிச் சொல்லணும். அதுதான் டெஸ்ட். இன்னிக்கு நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே மூலைக் கட்டில் அம்மா 'சாவி, குடை, படகு'ங்கிறாங்க. பெத்த பொண்ணு பேரைக் கேட்டா முழிக்கிறாங்க. அதுவும் ஆராய்ச்சிக்குப் பணம் தர வந்த அந்த வெளிநாட்டுக்காரர் கண் எதிர்லயே."

"அவர் என்ன சொன்னார்?"

"இதுவரைக்கும் எடுத்தது எல்லாமே பொய்யா இருக்கலாம்னார். ஆராய்ச்சிக்கு உதவி கிடையாதாம். நாளையிலேர்ந்து நானும் இங்க கிடையாது."

கூடப் படித்தவர்கள் எல்லாம் வெளிநாட்டுக்குப் பறந்துவிட்டார்கள். நம்ம ஊர் மறதியை நம்ம ஊரிலேயே ஆராய வேண்டும் என்று ஒட்டிக்கொண்டவள் இவள் ஒருத்திதான்.

"வார்த்தையை மாத்திக் கேட்டிருக்கலாமேம்மா?"

"நம்ம மொழியில இந்த டெஸ்ட் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு தயாரிக்கத்தான் அந்த உதவியையே கேட்டேன். இல்லத்துக்கு நல்ல பேர் வேணும்னு மனப்பாடம் பண்ண வெச்சீங்களா? டெஸ்டுக்கே உட்கார மாட்டேங்கிறாரே கடைசிக் கட்டில் ஹெட்மாஸ்டர், அவர் ஒருத்தர்தான் உங்க கைக்கு அடங்கல போல. வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைச்சிட்டீங்களே."

மேட்ரன் விரிப்பைக் கீழே வைத்தாள்.

"நான் சொல்லிக் கொடுக்கல. தெரிஞ்சும் தடுக்கல, அது என் தப்புதான். தடுத்தா அவர் சாப்பிட மாட்டேங்கிறார். ஹாலுக்கு வா."

ஹாலில் முதியவர்கள் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்து, "சாவி... குடை... படகு..." என்று ராகம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எதிரே ஹெட்மாஸ்டர். தான் ஓய்வு பெற்றது அவருக்கு நினைவில்லை. இந்த இல்லம்தான் அவருடைய பள்ளிக்கூடம்.

அவளைப் பார்த்ததும் வகுப்பைக் கையமர்த்திவிட்டு, பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"இன்ஸ்பெக்டர் போயிட்டாரா டீச்சர்? அன்னிக்கு மாடிப்படியில உட்கார்ந்து அழுதீங்களே, பார்த்தேன். நீங்க வேலைக்குப் புதுசு. பிள்ளைங்க தப்பாச் சொன்னா உங்களைத்தானே அனுப்பிடுவாங்க? அதான் நீங்க கேட்கிறதை எழுதி வெச்சுக்கிட்டு, தினமும் நானே பாடம் எடுத்தேன். யாரும் ஃபெயில் இல்லையே?"

மேட்ரன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எல்லாரும் பாஸ், சார்," என்றாள் டீச்சர்.

அவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அப்ப நாளைக்கும் வருவீங்க."