ஆயில் பரீட்சை

“உன் வண்டிக்கு என்ன ஆயில் ஊத்தறே? முதல்ல அதைச் சொல்லு. கல்யாணப் பேச்சு அப்புறம்.”

அன்னம்மாள் இப்படித்தான் ஆரம்பித்தாள். டேனியல் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பாலாநகர் மேம்பாலத்து ஏற்றம் வேறு. பின்னால் கொக்கியில், தார்ப்பாய் போர்த்திய ஒரு வண்டி முன்சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு வந்தது.

ரிப்பேரான வண்டிகளை இழுத்துப் போவதுதான் இருவருக்கும் தொழில். கணவர் போன பிறகு பதினெட்டு வருஷமாக, செகந்திராபாத் பக்கத்து மெட்டுகுடாவில் ஒற்றை வண்டியை வைத்துக்கொண்டு, தானே ஓட்டி, ஒரே மகள் பிந்துவைப் படிக்க வைத்தவள் அன்னம்மாள். டேனியல் தொழிலுக்கு வந்து நாலு வருஷம்தான் ஆகிறது. பிந்துவைப் பெண் கேட்டு ஆறு மாதம். அன்னம்மாள் பிடி கொடுக்கவே இல்லை.

இன்று காலை அவளே பாலாநகர் ரோட்டில் நின்று, கை காட்டி, அவன் வண்டியில் ஏறிக்கொண்டாள். மெட்டுகுடா போய்ச் சேருவதற்குள் ‘ஆமாம்’, ‘இல்லை’ தெரிந்துவிடும். அம்மா என்ன கேட்டாலும் எதிர்த்துப் பேசாதே என்று பிந்து தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தாள்.

“பதினஞ்சு நாப்பது, ஆண்ட்டி. டீசல் எஞ்சினுக்குன்னே வர்றது.”

“ஏன், இருபது அம்பது ஊத்த வேண்டியதுதானே? நல்லா கெட்டியா இருக்கும். இழுக்கற வண்டிக்குக் கெட்டி ஆயில்தான் சரின்னு மெக்கானிக்குங்க எல்லாம் சொல்றாங்களே?”

இது தூண்டில் என்று டேனியலுக்குப் புரிந்தது.

“நக்கோ ஆண்ட்டி, அது வேண்டாம். ரொம்பக் கெட்டியா இருந்தா காலையில ஸ்டார்ட் பண்ணினதும் மேல ஏற நேரமாகும். அதுக்குள்ள எஞ்சின் தேஞ்சிடும். நான் கம்பெனி புக்குல போட்டிருக்கறதைத்தான் ஊத்துவேன்.”

“ஹவ், சரிதான். எத்தனை கிலோமீட்டருக்கு மாத்துவே?”

“புக்குல இருபதாயிரம். நான் பத்தாயிரத்துலயே மாத்திடுவேன். நம்மளுது பாரம் இழுக்கற வண்டி, சூடு ஜாஸ்தி.”

“லூசா வாங்கறியா, சீல் டப்பாவா?”

“சீல் டப்பாதான்.”

“காலி டப்பாவை என்ன பண்ணுவே?”

“ஆணியால ஓட்டை போட்டுத்தான் தூக்கிப் போடுவேன். இல்லேன்னா எவனாவது அதுலயே பழைய ஆயிலை ரொப்பிப் புதுசுன்னு வித்துடுவான்.”

அன்னம்மாள் லேசாகச் சிரித்தாள். டேனியலுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“போன மாசம் ஒரு பையன் பிந்துவைப் பார்க்க வந்தான். ஐ.டி. வேலை, பெரிய கார். கார்ல ஆயில் அளவை எங்க பார்ப்பே தம்பின்னு கேட்டேன். சர்வீஸ் சென்டர்ல பார்ப்பாங்கன்னான். டீயைக் குடிச்சிட்டுக் கிளம்புப்பான்னுட்டேன். ஒரு எஞ்சினைப் பார்த்துக்கத் துப்பு இல்லாதவன் என் பொண்ணை எப்படிப் பார்த்துப்பான், சொல்லு?”

“கரெக்ட் ஆண்ட்டி.”

பேரடைஸ் சிக்னலில் வண்டி நின்றது. பக்கத்தில் இன்னொரு இழுவை வண்டி வந்து நின்றது. அதை ஓட்டிவந்த செல்லப்பா தலையை வெளியே நீட்டினான்.

“என்னக்கா, டேனியல் வண்டியில வர்றே? பின்னாடி யாரு வண்டி அது? தார்ப்பாய் எல்லாம் போட்டு மூடி?”

“யாரோ ஒரு அறிவுகெட்ட ஜென்மம்!” என்றாள் அன்னம்மாள். “ஆயில் இருக்கா இல்லையான்னு பார்க்காம ஓட்டி எஞ்சினை ஜாம் பண்ணி, சீஸாக்கி வெச்சிருக்கு. இதுக்கெல்லாம் லைசென்ஸ் எவன் குடுத்தான்னு தெரியல.”

“அடப் பாவமே! நம்ம தொழில்ல அப்படி யாராவது இருந்தா, சங்கத்துல மாலை போட்டு ஊர்வலமே விட்டுடுவோம்” என்று செல்லப்பா சிரித்தான். டேனியலுக்கு இருமல் வந்தது. நல்ல வேளை, பச்சை விழுந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அன்னம்மாள் குரலை இறக்கிக் கேட்டாள்.

“தினமும் டிப்ஸ்டிக் எடுத்து ஆயில் அளவு பார்ப்பியா?”

“பல்லு தேய்க்கறேனோ இல்லையோ, அதைப் பார்க்காம வண்டியை எடுக்க மாட்டேன் ஆண்ட்டி.”

சொன்ன பிறகுதான் டேனியல் நாக்கைக் கடித்துக்கொண்டான். அன்னம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். போச்சு, எல்லாம் கெட்டது என்று நினைத்துக்கொண்டே அவன் செகந்திராபாத்தைத் தாண்டினான்.

மெட்டுகுடாவில் அவள் வீட்டுச் சந்துக்குள் வண்டியைத் திருப்பி நிறுத்தினான். அன்னம்மாள் இறங்கி, சந்தின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள். ஆள் நடமாட்டம் இல்லை.

“வர்ற ஜனவரியில கல்யாணத்தை வெச்சுக்கலாம். பாஸ்டர்கிட்ட நான் பேசறேன்” என்றாள்.

டேனியலுக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “தேங்க்ஸ் ஆண்ட்டி! ரொம்ப தேங்க்ஸ்!” என்று உளறிக்கொண்டே பின்பக்கம் ஓடி, கொக்கியை இறக்கிவிட்டுத் தார்ப்பாயை இழுத்தான்.

கதவில் பெரிய சிவப்பு எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன: ‘அன்னம்மாள் ரெக்கவரி சர்வீஸ்.’

“காலையில ஆயில் கடை வாசல்லயே பழைய ஆயிலை இறக்கினேன். புது ஆயிலைப் பொறுக்கி எடுக்க ஒரு மணி நேரம் ஆச்சு. அதுக்குள்ள ஜீடிமெட்லாவிலிருந்து அவசரமா வான்னு போன்... ஊத்தாமலே எடுத்துட்டேன்” என்ற அன்னம்மாள், அவசரமாகத் தார்ப்பாயை மறுபடி இழுத்து மூடினாள். “பிந்துகிட்ட மட்டும் வாயைத் திறந்துடாதீங்க மாப்பிள்ளே!”