வீண் தேடல்

பக்கவாதத்துக்குப் பிறகு தணிகாசலத்தின் நினைவுகளெல்லாம் அவர் மூளையோடு இணைத்த ஒரு டேட்டாபேஸ் சர்வரில்தான் இருந்தன. எதைக் கேட்டாலும் அதில் தேடி எடுத்துத்தான் பதில் சொல்வார்.

"காபி வேணுமான்னு கேட்டா, அவர் சொல்றதுக்குள்ள காபி ஆறிடுது," என்று அக்கா செவ்வந்தியிடம் அலுத்துக்கொண்டான் மகன் கதிரவன். "ஊர் சர்வரையெல்லாம் வேகமாக்குற. நம்ம அப்பாவை விட்டுட்டியேக்கா."

அன்று அவளுக்கு விடுமுறை. செவ்வந்தி சர்வர் முன்னால் உட்கார்ந்து பார்த்தாள். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் ஒரே தேடல் ஓடியது. வாசலில் அன்று கேட்ட சத்தங்களையெல்லாம் முதலிலிருந்து புரட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பியது. யாரும் கேட்காத தேடல். அலுவலகத்தில் செய்வதுபோல, அதிக நேரம் தின்பதை முதலில் நீக்கினாள்.

"காபி வேணுமாப்பா?"

"வேணும். சர்க்கரை கம்மியா," என்றார் உடனே. கதிரவன் கைதட்டினான்.

மறுநாள் அவள் வேலையிலிருந்து திரும்பியபோது அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக அவள் செருப்பைக் கழற்றும்போதே, "வந்துட்டியா பாப்பா?" என்பார். இன்று தலை திரும்பவில்லை.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீக்கியதில் ஒரு வரிகூடப் பிரதி எடுத்துவைக்கவில்லை. மறுபடி செருப்பை மாட்டி வெளியே போய், வாசல் கேட்டைச் சத்தமாகத் திறந்துகொண்டு வந்தாள். அப்பா டிவியையே பார்த்தார்.

"நான் வந்துட்டேன்ப்பா."

"சரிம்மா," என்றார், உடனே.