கறுப்புக் கண்ணாடி

ஒரு மாதமாகச் செங்கமலத்துக்குத் தூக்கமில்லை. படுக்கையறைச் சுவரில் இருபது நொடிக்கு ஒருமுறை வந்துபோன வெளிச்சம் நின்றுவிட்டது. படுத்ததும் குறட்டை விடுகிற கணவர் அப்படியொரு வெளிச்சத்தை நம்பியதே இல்லை. அவள் நச்சரித்ததால்தான் ஏரித் துறைமுகத்தின் பழைய கலங்கரை விளக்கத்தின் உச்சிக்கு அழைத்து வந்தார்.

“ஊர்ப் பக்கம் வெளிச்சமே போகாதும்மா,” என்றார் விளக்குக் காவலர். “சனங்க தூங்கணும்னு கட்டினப்பவே அந்தப் பக்கக் கண்ணாடிக்குக் கறுப்பு அடிச்சாச்சு.”

“நான் சொன்னேன்ல,” என்றார் கணவர்.

அவளால் சும்மா நிற்க முடியவில்லை. கறுப்புக் கண்ணாடிகளைத் தடவிக்கொண்டே விளக்கைச் சுற்றி வந்தாள். ஓரிடத்தில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, பெயிண்ட் புதிதாக மினுங்கியது.

“அதுவா? எனக்கு முந்தி இருந்தவரு சுரண்டி வச்சிருந்தாரு. போன மாசம் நான் வந்துதான் பூசினேன். எதுக்குச் சுரண்டினாரோ.”

செங்கமலம் நகத்தால் சுரண்டத் தொடங்கினாள். பெயிண்ட் உரிந்த இடத்தில் ஊர் தெரிந்தது. அவள் தோளுக்கு மேல் குனிந்து பார்த்த கணவருக்கு, நேர் எதிரே, அவர்களுடைய மாடி ஜன்னல் பச்சைத் திரையோடு தெரிந்தது.

அவர் நிமிர்ந்து காவலரைப் பார்த்தார்.

“முந்தி இருந்தவரு பேரு என்ன?”

அவள் நகம் கண்ணாடியிலேயே நின்றது.