கழற்றிய கையுறை

பெண்கள் கர்லிங் இறுதிப்போட்டியின் கடைசிக் கல் பனித்தளத்தில் வழுக்கி வந்துகொண்டிருந்தது. ஆண்கள் அணியினர்கூடத் தங்கள் ஆட்டத்தை முடித்துவிட்டுத் தடுப்போரம் வந்து நின்றார்கள். தேய்த்தால்தான் கல் தூரம் போகும். அதன் முன்னால் குனிந்து பனியைத் தேய்த்துக்கொண்டே ஓடிய எழினியின் பிரஷ், இலக்கு வட்டத்தருகே கல்லில் லேசாக உரசிவிட்டது. யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. கல் நடுப்புள்ளியில் போய் நின்றது. அரங்கமே எழுந்து கத்தியது. இந்த ஆட்டத்தில் நடுவர் விசில் ஊதமாட்டார். உரசியவர் தானே வாய்திறந்து சொல்ல வேண்டும். சொன்னால் அந்தக் கல்லை எதிரணி நீக்கிவிடலாம். "ஏண்டி பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? ஜெயிச்சிட்டோம்டி!" என்று கேப்டன் வாசவி அவளை உலுக்கினாள். எதிரணிக் கேப்டன் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தாள். தோற்றவர் கைகுலுக்கி முடித்தால் ஆட்டம் முடிந்தது. பிறகு சொன்னாலும் முடிவு மாறாது. வாசவியிடம் கைகுலுக்கினாள். மற்ற இருவரிடமும் குலுக்கினாள். கடைசியாக எழினியின் கையைப் பற்றினாள். அது வியர்த்திருந்தது. பற்றிய கையை விடாமல், எழினியின் இன்னொரு கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்தாள்.