உட்கார்ந்து பார்க்கிற வேலை

இருமல் வந்துவிடக் கூடாது என்று மாதாவை வேண்டிக்கொண்டு நின்றான் சவரிமுத்து. தங்கவயல் சுரங்கத்துத் தூசு நெஞ்சில் உட்கார்ந்துகொண்டதிலிருந்து பெங்களூரில் ஒரு ஃபாக்டரியும் அவனைச் சேர்க்கவில்லை. இருமினால் போதும், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

மேரியும் பிள்ளைகளும் நீலசந்திராவில் அவள் அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். இந்த வேலையும் கிடைக்காவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று மச்சான் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான்.

மானேஜர் வைத்தீஸ்வரன் நிமிர்ந்து பார்த்தார். பாழாய்ப்போன இருமல் அப்போதுதானா வர வேண்டும்? கண்ணில் நீர் முட்டும்வரை இருமித் தீர்த்தான்.

"மைன்ஸ்ல இருந்தியா?"

"ஆமா சார். பனிக்காத்துக்குத்தான் இப்படி. வேலைல ஒரு கொறையும் வெக்க மாட்டேன்."

"மாடி ஏறினா மூச்சு வாங்குமோ?"

இன்னொரு பொய் சொல்ல வாய் வரவில்லை. "கொஞ்சம் வாங்கும் சார்."

"நாளைக்கே வந்துடு" என்றார் வைத்தீஸ்வரன். வெளியே வரிசையில் நின்ற வாட்டசாட்டமான ஆட்களைப் போகச் சொல்லிவிட்டார்.

மேரி அன்று கோவிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். இப்படியும் ஒரு மனுஷரா என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் உலைக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டிருந்தது. "மூட்டை தூக்கற வேலையெல்லாம் ஒனக்கு இல்ல. இங்கயே குந்திக்கினு இரு, ஏந்து போகக் கூடாது" என்றார் மேஸ்திரி ஜெயராமன். மற்றவர்கள் பொறாமையோடு பார்க்க, சவரிமுத்து கூச்சத்தோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

ஜெயராமனுக்கு மனசு ஆறவில்லை. நேரே மானேஜர் அறைக்குப் போனார்.

"சும்மா குந்தறதுக்கு ஒரு ஆளா சார்? உலையில விஷக் காத்து கசிஞ்சா வாசனைகூட வராது. அதக் கண்டுபுடிக்கற மீட்டர் வெக்காம உலையப் பத்த வெக்கக் கூடாது, புதுச் சட்டம்னு இன்ஸ்பெக்டர் சொல்லிட்டுப் போயிருக்காரு."

"மீட்டர் சீமையிலேர்ந்து வரணும். அதுவரைக்கும் உலையை அணைச்சு வெக்க முடியுமா?"

வைத்தீஸ்வரன் கண்ணாடி ஜன்னல் வழியே சவரிமுத்துவைப் பார்த்தார். அவன் அவசரமாக எழுந்து கும்பிட்டான்.

"அவன் மயங்கி விழுந்ததும், மத்தவங்களை வெளிய அனுப்பிடு."