கசியாத குழாய்

வீட்டுக்குப் பின்னால் வயலுக்கடியில் ஓடும் எரிவாயுக் குழாய் கசிகிறது என்று தில்லைநாயகி ஓயாமல் புகார் சொன்னதில், ஆராய்ச்சி நிலையத்திலிருந்து முனைவர் அறவாழியே பரிவாரத்துடன் எழுந்தருளினார். அந்தக் குழாய் ஒருபோதும் கசியாது என்று நிரூபித்து விருது வாங்கியவர் அவர்தான்.

"அடுப்படி பூரா அழுகின முட்டை நாத்தம் சார். பயந்துகிட்டு அடுப்பே பத்த வைக்கல" என்றாள், இடுப்பில் கைக்குழந்தையோடு.

அறவாழி குழாய்ப் பக்கமே போகவில்லை. கூடத்தில் உட்கார்ந்து மடிக்கணினியைத் தட்டினார். "கசிவு இல்லேன்னு கம்ப்யூட்டர் மாடல் சொல்லுதும்மா. அப்ப கோளாறு எங்க? உங்க மூக்குல."

"எங்க வீட்டுக்காரருக்கும் அடிக்குதே சார்?"

"அவரையும் கூப்பிடுங்க. மூக்கு சர்வீஸ் இலவசம்."

உதவியாளர் ஒருவர் புருஷன் பெண்டாட்டி இருவர் மூக்கிலும் மருந்தைப் பீய்ச்சினார். சுரீரென்று எரிந்தது. அப்புறம் நாற்றம் இல்லை. குழந்தையின் உச்சந்தலை வாசனையும் கூடவே போய்விட்டது. கணினித் திரையில் 'கசிவு சரிசெய்யப்பட்டது' என்று பச்சையில் எழுத்து வந்தது. பரிவாரம் கைதட்டியது.

அவளுக்கும் அப்பாடா என்றிருந்தது. இவ்வளவு படித்தவர்கள் வெயிலில் வந்திருக்கிறார்கள், வெறும் வாயோடு அனுப்பலாமா?

"ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க சார். இதோ, அடுப்பப் பத்த வைக்கிறேன்."

தீப்பெட்டியை எடுத்தவளின் கையை அறவாழி பாய்ந்து பிடித்தார்.

"இருங்கம்மா, இருங்க! எங்க வண்டி மெயின் ரோட்டுக்குப் போனதும் பத்த வைங்க."